மணி அடிக்காத மாடி

முதலில் அந்த மணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது புரியாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில், இரண்டாவது மாடியில். நீளமான ஒரு நடைக்கூடம், இருபுறமும் அறைகள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளை வயர் தொங்கும், அதன் நுனியில் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் அறைக்கதவுக்கு மேலே விளக்கு எரியும், எங்கள் இடுப்பில் மாட்டியிருக்கும் சின்னக் கருவி கீச்கீச்சென்று கத்தும். நாங்கள் அந்த அறைக்குப் போய்ச் சுவரில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அது வாயை மூடும். எந்த அறையில் எத்தனை தடவை அழைத்தார்கள், நாங்கள் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் கீழே மேலாளர் அறைத் திரையில் தானாகவே ஏறிவிடும். தாமதித்தால் அங்கே சிவப்பாகக் காட்டும். சிவப்பு சேர்ந்தால் மேலாளர் கூப்பிட்டுப் பேசுவார்.

பகல் ஷிப்டில் எங்கள் மாடிக்கு இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தியின் பெயர் புயல். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது பதினோராம் அறைக் கண்டக்டர் ஐயா வைத்தது. அவள் நடந்து வருவதைப் பார்த்தால் யாருக்கும் காரணம் விளங்கிவிடும். அப்படியொரு நிதானம். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவர அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் இரண்டு கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிடுவேன். ஆனால் அவள் கை வைத்து ஒருவரைப் புரட்டினால் பூவைத் திருப்பி வைத்த மாதிரி இருக்கும். வலிக்கிறது என்று யாரும் முனகியதில்லை.

கண்டக்டர் ஐயா பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் பெரிய உருவம். இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. அவரைக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, அவருக்கு அடியில் தூக்குத் துணியை விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து, ஒரே மூச்சில் நகர்த்த வேண்டும். ஒருத்தியால் முடியாது. முயற்சி செய்தால் ஒன்று அவர் விழுவார், இல்லாவிட்டால் தூக்குகிறவள் முதுகு போகும்.

முன்பு நடைக்கூடத்தின் கடைசியில் ஒரு நாற்காலி இருந்தது. அம்மாவைப் பார்க்க வந்த ஒரு மகன், "ஸ்டாஃப் எல்லாம் ஜாலியா உக்காந்திருக்காங்களே" என்று கீழே சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நாற்காலி காணாமல் போனது. அதிலிருந்து வேலை இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். சுவரில் ஓடும் கைப்பிடிக் கம்பி முதியவர்களுக்காகப் போட்டது. அதை அதிகம் பயன்படுத்தியது நாங்கள் இருவரும்தான்.

ஒரு நாள் மத்தியானம் கண்டக்டர் ஐயாவை மாற்றி முடித்து வெளியே வந்தேன். முதுகில் ஏதோ சுளீரென்று இழுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றுவிட்டேன். கண் திறந்தபோது எதிரே டெய்லரம்மா, நடைவண்டியைப் பிடித்தபடி.

டெய்லரம்மா எட்டாம் அறை. கல்யாண உடுப்புத் தைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வாய் கத்தரிக்கோல் மாதிரி.

"என்னம்மா, சுவரு விழுந்துடாம புடிச்சிக்கிட்டு இருக்கியா?" என்றார்.

"ஆமாம்மா. நான் விட்டா கட்டடமே போயிடும்."

"அதான் பாத்தேன். மூஞ்சி வெளுத்துக் கிடக்கு." மெதுவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த வாரத்தில் இருந்து மணி குறைந்தது. ஒரேயடியாக அல்ல; மழை விடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. முன்பெல்லாம் ஓர் அறையில் பச்சையை அழுத்துவதற்குள் அடுத்த அறை கத்தும். இப்போது இடுப்புக் கருவி தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது. நாங்கள் வழக்கமான சுற்றுக்குப் போகும்போது அவர்களாகவே சொல்வார்கள்: இதைக் கொஞ்சம் எடுத்துக் கொடு, இதை மாற்றிவிடு. வேலை என்னவோ அதே வேலைதான். சத்தம் மட்டும் இல்லை. வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் கீச்சிட்டுக்கொண்டிருந்தது நின்றுபோனதில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. காரணம் என்னவென்று யோசிக்கவில்லை. நல்லது நடக்கும்போது யார் யோசிக்கிறார்கள்?

மேலாளர் என்னைக் கீழே கூப்பிட்டார். முன்பு ஹோட்டல் வரவேற்பறையில் இருந்தவர் அவர். எந்நேரமும் டை கட்டியிருப்பார். நான் நர்ஸ் இல்லை என்று தெரிந்தும் என்னை சிஸ்டர் என்பார். யாருடைய பெயரையும் நினைவு வைத்துக்கொள்ளாமல் காலம் தள்ள அது நல்ல வசதி.

"சிஸ்டர், நல்ல சேதி" என்று திரையை என் பக்கம் திருப்பினார். "உங்க மாடியில அழைப்பு பாதிக்கும் கீழ வந்துடுச்சு. இந்தக் கட்டடத்துலயே அமைதியான மாடி உங்களுதுதான். மேலிடத்துல ரொம்ப சந்தோஷம்."

"சரிங்க சார்."

"அதனால அடுத்த மாசத்துலேர்ந்து பகலுக்கு ஒரு ஆள் போதும்னு முடிவு பண்ணியிருக்காங்க. உங்ககூட இருக்கற சின்னவங்களோட ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுதில்ல? அதைப் புதுப்பிக்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

"சார், மணிதான் குறைஞ்சிருக்கு. வேலை குறையல."

"எனக்குத் தெரியறது இதுதான், சிஸ்டர்" என்று திரையைத் தட்டினார். "வேலை இருந்தா அழைப்பு இருக்கும். மேலிடத்துக்கு நான் இதைத்தான் காட்ட முடியும். உங்க வார்த்தையை எடுத்துக்கிட்டுப் போய்க் காட்ட முடியுமா?"

"பதினோராம் ரூம் ஐயாவை நான் தனியா எப்படி சார் தூக்குவேன்?"

"அந்த நேரத்துக்கு மூணாவது மாடியிலேர்ந்து யாரையாவது கூப்பிட்டுக்குங்க."

மூன்றாவது மாடியில் இருந்து ஆள் வருவதற்குள் ஐயாவுக்கு இன்னும் ஒரு வயது கூடிவிடும். அதை அவரிடம் சொல்லவில்லை.

புயலிடம் மறைக்க முடியவில்லை. துணி அடுக்கும் அறையில் வைத்துச் சொன்னேன். போர்வையை மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பை முடித்து, ஓரம் சரிபார்த்து, அடுக்கில் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"நான் மெதுவா இருக்கேன்னாக்கா?"

"உன் மெதுவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடி. மணி அடிக்கறதில்லையாம். அதான் காரணம்."

"எங்க வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன்." இதை அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அடுத்த போர்வையை எடுத்து உதறினாள்.

அப்போது பதினோராம் அறையில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

ஓடினோம். புயல்கூட ஓடினாள். கண்டக்டர் ஐயா விழவில்லை. விழப்போன நிலையில் இருந்தார். கட்டில் கம்பியில் துண்டை முடிச்சுப் போட்டு, அதைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். பாதி உடம்பு கட்டில் ஓரத்தில் சரிந்து தொங்கியது. கீழே விழுந்தது தண்ணீர்க் கூஜா. சிவப்புப் பொத்தான் அவர் கைக்கு எட்டும் தூரத்தில், தலையணைமேல் சும்மா கிடந்தது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை ஏற்றிப் படுக்க வைத்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஐயா, மணி எதுக்குத் தொங்குது? அழகுக்கா? விழுந்து இடுப்பு ஒடைஞ்சிருந்தா?"

"ஒடையல இல்ல, விடு."

"ஏன் அடிக்கல?"

அவர் கூரையைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காத பயணி மாதிரி இருந்தது முகம். "நீ முதுகைப் புடிச்சிக்கிட்டு நின்னியாமே. டெய்லரம்மா சொன்னாங்க. சாப்பாட்டு மேசையில எல்லாருமா பேசி வச்சிக்கிட்டோம். உசுரு போற விஷயம்னாத்தான் மணி. மத்ததுக்கு நீங்க வர்றப்ப சொல்லிக்கலாம்னு."

"எல்லாருமா?"

"மாடி மொத்தமும். நாலாம் ரூம் அம்மா கண்ணாடி கீழ விழுந்தா கைத்தடியாலயே தள்ளித் தள்ளி எடுத்துடறாங்க. ஆறாம் ரூம்காரரு ராத்திரி தண்ணியே குடிக்கறதில்ல, பாத்ரூம் கூப்பிட வேண்டாம்னு. நான் மூத்திரத்தை அடக்கற அடக்குல, பழைய டவுன் பஸ் பிரேக் தோத்துடும்." சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்காருவதும் விதிப்படி தப்பு. புயல் கூஜாவை எடுத்துத் தரையைத் துடைத்துக்கொண்டே, வழக்கமான அதே குரலில் சொன்னாள்: "நீங்க மணி அடிக்கலன்னு என்னை வேலையை விட்டு அனுப்பறாங்க, ஐயா."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

அன்று மாலைத் தேநீருக்கு எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடியிருந்தபோது விஷயத்தை உடைத்துச் சொன்னேன். டெய்லரம்மா கையிலிருந்த ரொட்டித் துண்டை வைத்துவிட்டார்.

"நான்தாம்மா ஆரம்பிச்சு வச்சேன். உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு இந்தப் பொண்ணு பொழப்புல கத்தரி போட்டுட்டேனா?"

"உங்க மேல தப்பில்லம்மா."

"தப்பில்லாம? அளவு எடுக்காம வெட்டினவ நான்." சட்டென்று நிமிர்ந்தார். "சரி, நாளைலேர்ந்து பாரு. விடிஞ்சதுலேர்ந்து அடிக்கறேன். அந்தாள் திரை வெடிக்கணும்."

மேசையில் உற்சாகம் பிறந்தது. ஆறாம் அறைக்காரர் நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிப்பதாகச் சொன்னார். நான்தான் தடுத்தேன். சும்மா அடித்தால் நாங்கள்தான் ஓட வேண்டும். ஓடி மாளாது. தாமதம் ஆகும், சிவப்பு விழும். அதைக் காட்டியே இருவரையும் மாற்றிவிடுவார்கள்.

"வேணும்னா அடிங்க. வேணாம்னா அடிக்காதீங்க. அது போதும்" என்றேன்.

சொல்வது சுலபம். மறுநாள் காலை முழுக்கக் காத்திருந்தும் கருவி அவ்வளவாகக் கத்தவில்லை. அடக்கிப் பழகியவர்களுக்குக் கேட்க வாய் வரவில்லை. நாலாம் அறை அம்மா பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு, பாவம், இதற்குப் போய்க் கூப்பிடுவதா என்று யோசித்தபடியே தூங்கிப்போனார். நான் போனபோது போர்வை தரையில் கிடந்தது, குளிரில் சுருண்டு படுத்திருந்தார்.

வழி கண்டுபிடித்தது புயல்தான். ஆறாம் அறைக்குச் சுற்றுக்குப் போனவள் கட்டிலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வாசலில் இருந்து பார்த்தேன்.

"தண்ணி வேணுமா, ஐயா?"

"குடும்மா."

"அப்ப அடிங்க."

"நீதான் இங்கயே நிக்கறியே!"

"நிக்கறேன். நான் நிக்கறது திரையில தெரியாது. அடிங்க."

அவர் தயங்கித் தயங்கி அழுத்தினார். அவள் இடுப்பிலேயே கருவி கத்தியது. கையை நீட்டிப் பச்சையை அழுத்தினாள், தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "தலையணையை ஒசத்தணுமா?"

"ஒசத்தினா தேவலை."

"அடிங்க."

நாங்கள் முன்பு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த ஒவ்வொரு வேலைக்கும் இப்போது ஒரு மணி. செருப்பு மாட்டிவிட ஒன்று, மாத்திரை விழுங்க நிமிர்த்தி உட்கார வைக்க ஒன்று, முதுகு சொறிய ஒன்று. பொய் மணி ஒன்றுகூட இல்லை. கண்டக்டர் ஐயாவுக்குத்தான் கொண்டாட்டம். "ஒரு மணின்னா வண்டி நிக்கணும், ரெண்டு மணின்னா போகணும். வேலை முடிஞ்சா ரெண்டு அடிக்கட்டுமா?" என்று கேட்டார். "ஒண்ணு போதும், நாங்களே போயிக்கறோம்" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் மேலாளர் நேரே மாடிக்கே வந்துவிட்டார். டை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"என்ன சிஸ்டர் நடக்குது இங்க? அழைப்பு முன்னாடி இருந்ததைவிட அதிகம். நீங்க போற நேரம் பூஜ்யம்னு காட்டுது. கூப்பிட்ட அதே நொடி போய் நிக்கறீங்களாம். மெஷின் பழுதான்னு மேலிடத்துல கேக்கறாங்க."

"பழுதில்ல சார். பக்கத்துலயே நின்னுக்கிட்டு அடிக்கச் சொல்றோம்."

"இது ஏமாத்து வேலையில்லையா?"

"எப்பவும் செய்யற வேலைதான் சார். இப்பத்தான் சத்தம் போட்டுச் செய்யறோம். எந்த ரூமுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. தேவையில்லாம ஒரு மணி அடிச்சிருந்தா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் என் இடுப்பு கத்தியது. பதினோராம் அறை. அவரும் பின்னாலேயே வந்தார்.

"வீல்சேருக்கு மாறணும்" என்றார் கண்டக்டர் ஐயா. "அவசரம். பாத்ரூம்."

புயல் எட்டாம் அறைக் குளியலறையில் டெய்லரம்மாவைச் சோப்பு நுரையோடு பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு வர முடியாது. நான் தூக்குத் துணியை ஐயாவின் அடியில் விரித்து முடித்தேன். ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கம் காலியாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஐயாதான்.

"மூணாவது மாடியிலேர்ந்து ஆள் வர வரைக்கும் என்னால தாங்காது, தம்பி. நீங்க ஒரு பக்கம் புடிக்கறீங்களா, இல்ல மெத்தையை மாத்தறீங்களா?"

மேலாளர் டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு வந்தார். எப்படிப் பிடிப்பது என்று சொன்னேன்: முழங்காலை மடக்குங்கள், இடுப்பை வளைக்காதீர்கள், நான் சொல்லும்போது ஒரே மூச்சு. ஐயா வாயாலேயே "டிங் டிங், போலாம் ரைட்" என்றார். நகர்த்தினோம். சரியாகவே உட்கார்ந்தார். மேலாளர்தான் நிமிரவில்லை. ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறுகையை இடுப்பில் வைத்து, கொஞ்ச நேரம் தரையையே பார்த்தபடி நின்றார்.

ஐயாவைக் குளியலறையில் விட்டுத் திரும்பியபோது மேலாளர் நடைக்கூடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. மெல்லக் கேட்டார்: "இங்க உக்கார எதுவும் இல்லையா?"

"இருந்துச்சு சார்."

அவருக்கு நினைவு வந்துவிட்டது. முகம் சிவந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல், நான் எட்டாம் அறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஹோட்டல்ல எங்களுக்கும் நாற்காலி கெடையாது" என்றார் என் முதுகுக்குப் பின்னால். "கால் வீங்கும். ஷூவை ஒரு சைஸ் பெருசா வாங்குவேன்." கொஞ்சம் பொறுத்து, "இவரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்தணும்?"

"அவரு கேக்கறப்பெல்லாம் சார். இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்காரு."

அன்று சாயங்காலம் வரை ஒன்றும் தெரியவில்லை. புயல் தன் வேகத்திலேயே விரிப்பு மாற்றினாள், தட்டுகளைக் கழுவினாள். ஷிப்ட் முடியப் போகும் நேரத்தில் மேலாளர் படியேறி வந்தார், ஒவ்வொரு படியாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நேரே அவளிடம் போனார். முதல் தடவையாக அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், சரியாகவும் சொன்னார்.

"உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கறோம். மேலிடத்துல பேசிட்டேன். அழைப்பு இவ்வளவு இருக்கறப்ப இந்த மாடிக்கு ரெண்டு பேர் கண்டிப்பா வேணும்னு ஒத்துக்கிட்டாங்க."

புயல் தலையை ஆட்டினாள். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும் வரை அப்படியே நின்றாள். பிறகு துணி அறைக்குள் போய், அன்று அழாத அழுகையை நிதானமாக, அவசரமில்லாமல் அழுது முடித்தாள். நான் வாசலில் காவல் நின்றேன். என் கண்ணும் சும்மா இல்லை. மாடி முழுக்க யார் சொன்னார்களோ, எல்லா அறைக் கதவுக்கு மேலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. அதை மட்டும் பொய் மணிக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் நடைக்கூடத்தின் கடைசியில் நாற்காலி வந்து நின்றது. ஒன்றுதான் வந்தது.

"ரெண்டு பேருக்கு ஒண்ணா?" என்றேன்.

"நீ உக்காருக்கா" என்றாள் புயல். "நான் வந்து சேரறதுக்குள்ள நீ எந்திரிச்சிடுவ."

உட்கார்ந்தேன். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக இறங்கி அதனதன் இடத்தில் அமர்ந்தது போல இருந்தது. கண்ணை மூடினேன். உடனே இடுப்பு கத்தியது. பதினோராம் அறை. எழுந்து போனேன்.

"என்ன வேணும், ஐயா?"

"ஒண்ணுமில்ல. நாற்காலி வந்துடுச்சாமே. உக்காந்திருக்கியான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

"உக்காந்துதான் இருந்தேன். நீங்கதான் எழுப்பிட்டீங்க."

"அப்படியா? சரி, சரி, போய் உக்காரு" என்றார். நான் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பியபோது, முதுகுக்குப் பின்னால் வாயாலேயே இரண்டு மணி அடித்தார்.